சம்பளச் சனிக்கிழமை மேளம்

போன சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் அந்த வாசனை அடித்தது. வைக்கோல் புகையில் தோல் சூடேறுகிற வாசனை. நமக்குத் தோல் வாசனை புதிதில்லை. ஆம்பூரில் பாதிப் பேர் அதிலேயே மூக்கைத் தொலைத்தவர்கள். ஆனால் பதனிட்ட தோலின் வாசனை வேறு, பறையை நெருப்பில் காட்டும்போது கிளம்புகிற வாசனை வேறு. என் விரலில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் இன்னும் காயவில்லை. அந்த நெடியும் இந்தப் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும், பழக்க தோஷத்தில் பக்கத்தில் திரும்பி, "உன் தம்பி வந்துட்டான்மே" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நீ இல்லை. யாரோ ஒரு பெண் ஐடி கார்டைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

நீ போனது ஆடியில். இது ஐப்பசி. ஒரே லைனில் வேலை பார்த்து, ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்களுக்குள் கடிதத்துக்கு என்ன வேலை? நான் உனக்கு எழுதியதெல்லாம் மெஷினில் ஒட்டிய டார்கெட் சீட்டுதான். அதையும் நீ கிழித்துப் பல் குத்துவாய். ஆனாலும் போன சனிக்கிழமை கச்சேரியில் மைக் என் கையில் இருந்தது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட அதில் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்பதை உன்னிடமாவது சொல்லிவிட வேண்டும்.

நம் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் முடிந்ததும் கிளம்பாது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு யூனிட் ஆட்கள் வந்து ஏறும்வரை கேட்டுக்கு வெளியே இருக்கிற மைதானத்தில் வரிசையாக நிற்கும். அரை மணி நேரம். பேரணாம்பட்டு பஸ், குடியாத்தம் பஸ், மாதனூர் பஸ் என்று ஏறி உட்கார்ந்தால் உள்ளே வெந்து போகும். இறங்கி நின்றால் கொசு. அந்த அரை மணி நேரத்தை நான் கால் வலிக்கிறது என்று புலம்புவதற்கு வைத்திருந்தேன். நீதான் ஒருநாள் டீ கிளாஸை ஆட்டிக்கொண்டே, "இந்த நேரத்துல ஒரு கச்சேரி வெச்சா இன்னாமே?" என்றாய்.

நான் சிரித்தேன். யார் பாடுவார்கள், யார் கேட்பார்கள், கம்பெனி விடுமா என்று, லைன் சூப்பர்வைசர் ஆயிற்றே, அந்த வாயால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். "சேகரை வெச்சி அடிக்கச் சொல்றேன்" என்றாய். சேகர் உன் தம்பி, தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை, பறை அடிப்பவன். பறையா, பஸ் ஸ்டாண்டிலா, யாராவது செத்துவிட்டார்கள் என்று நினைக்கப் போகிறார்கள் என்றேன். அப்போதுதான் நீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"அதுக்குத்தான்மே. ஒரு தடவையாவது யாரும் சாகாம அடிக்கணும்."

அதற்கு முன்னால் நீ உன் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினாய். சுற்று வட்டாரத்தில் எந்தச் சாவு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். கல்யாண வீட்டுப் பக்கம் போனால் வழியை மாற்றிக்கொண்டு போகச் சொல்வார்களாம். பள்ளிக்கூடத்தில் உனக்குப் பேரே சாவு மேளம். "எங்கப்பா நல்லா அடிப்பாரு. ஆனா அத ஒருத்தர் அவராண்ட சொன்னது இல்ல. சாவு வூட்ல போயி மேளம் நல்லா இருந்துச்சின்னு யாரு சொல்லுவாங்க? அப்டி சொல்லத்தான் முடியுமா?" என்றாய். எனக்கு அதுவரை தோன்றாத விஷயம் அது. எத்தனை சாவுக்குப் போயிருக்கிறேன், எத்தனை மேளம் கேட்டிருக்கிறேன். நன்றாக இருந்ததா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

சம்பளம் போட்ட சனிக்கிழமை என்று நாள் குறித்தோம். அன்றைக்குத்தான் எல்லோர் முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். டிக்கெட் கிடையாது, உண்டியல் கிடையாது, வழியில் போகிறவர்களும் நின்று கேட்கலாம். பஸ் கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும், அது ஒன்றுதான் கம்பெனி போட்ட நிபந்தனை.

அந்த முதல் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கார்த்திகை மழை விட்டும் விடாமலும் இருந்தது. பறைகள் ஈரத்தில் தொய்ந்து கிடந்தன. சேகரும் அவன் ஆட்களும் மைதானத்து மூலையில் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காட்ட ஆரம்பித்தார்கள். அதே நேரம் ஷிப்ட் விட்டது. வெளியே வந்த நம் பெண்கள் நெருப்பைப் பார்த்தார்கள். பசையும் தின்னரும் புழங்குகிற கம்பெனி. தீ ஒத்திகை என்று மாதாமாதம் பிழிந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டுமா? நம் லைன் கஸ்தூரி ஒரு கூச்சல் போட்டாள். சுவரில் மாட்டியிருந்த சிவப்பு வாளிகள் வரிசையாகக் கை மாறின. சேகர் "யக்கா, யக்கா" என்று கத்தக் கத்த, மணலும் தண்ணீரும் வைக்கோல் மேலே, பறை மேலே, அவன் மேலேயே விழுந்தன. அணைத்துவிட்டுக் கஸ்தூரி நம்மிடம் ஓடி வந்து, "அமுந்துடுச்சிக்கா, யாருக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள். ஒத்திகையில்கூட அவள் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

கச்சேரி அதோடு போயிற்று என்று நான் நினைத்தேன். காய்ந்த வைக்கோல் ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. பஸ்கள் நிற்கிற நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. நீ ரோட்டைத் தாண்டி எதிரில் கூலிக்கு ஷூ தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் ஷெட்டுக்கு ஓடினாய். ஷூ மேல்தோலில் சுருக்கம் எடுக்கச் சூடான காற்றை ஊதும் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, டீக்கடை பிளக்கில் சொருகினாய். சேகருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னாக்கா, ஷூவா இது?"

"தோலுதானடா. சுருக்கம் போனா சரி. புடி."

ஒவ்வொரு பறையாகத் திருப்பித் திருப்பிக் காற்று காட்டினாய். லைனில் உட்கார்ந்து மேல்தோலைத் தடவிப் பார்க்கிற அதே மாதிரி உள்ளங்கையால் தடவிப் பார்த்தாய். அவன் நம்பிக்கை இல்லாமல் ஒரு தட்டு தட்டினான். சத்தம் எழுந்தது. அவனே ஒரு நிமிடம் பறையைத் திருப்பிப் பார்த்தான். நெருப்பில் காட்டியது போல் இல்லை என்று அப்புறம் பல தடவை குறை சொன்னான், அது வேறு கதை. அடுத்த மாதத்திலிருந்து நெருப்புக்கென்று புளியமரத்தடியில் இடம் ஒதுக்கி, கஸ்தூரியையே மணல் வாளியோடு காவலுக்கு நிறுத்தினாய்.

அடி விழுந்தது. விழுந்ததும் கடைத்தெருவில் என்ன நடந்தது? பிரியாணிக் கடை, மொபைல் கடை, மருந்துக் கடை என்று வரிசையாக ஷட்டர்கள் பாதி இறங்கின. சவம் வருகிறது என்று கடைக்காரர்கள் மரியாதையாக வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிரியாணிக் கடைக்காரர் உன்னைப் பார்த்து மெதுவாக, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டார். நீ வாடகைக்கு எடுத்திருந்த மைக்கைப் பிடித்தாய்.

"யாரும் சாவல. எல்லாரும் நல்லா இருக்காங்க. ஷட்டரைத் தூக்குங்க. இது கச்சேரி."

அவ்வளவுதான் உன் வரவேற்புரை. பிறகு அடிக்கிறவர்களின் பெயரை ஒவ்வொன்றாக, ஊரோடு சேர்த்துச் சொன்னாய். மேளக்காரன் என்று மட்டும் கூப்பிடப்பட்டவர்கள் தங்கள் பெயரை மைக்கில் கேட்டு நெளிந்தார்கள். அடித்து முடித்தபோது நம் பெண்களுக்குக் கை தட்டலாமா கூடாதா என்று தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பேரணாம்பட்டு பஸ் டிரைவர்தான் இன்ஜினை நிறுத்திவிட்டு முதலில் தட்டினார்.

அதிலிருந்து மாதம் தவறவில்லை. குடியாத்தம் பக்கத்திலிருந்து பம்பை உடுக்கைக்காரர்கள் வந்தார்கள். சர்ச்சிலிருந்து ஆர்மோனியத்தோடு கீர்த்தனை பாடுகிறவர்கள் வந்தார்கள். கடைத்தெருவில் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர் தன் கவ்வாலி கோஷ்டியோடு வந்தார். யார் வந்தாலும் முதல் அடி பறை என்பதை மட்டும் நீ விட்டுக்கொடுக்கவில்லை. சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தக் கூடாது என்பது உன்னுடைய இன்னொரு சட்டம். சாவு வீட்டில் போதையில் ஒருவன் உன் அப்பாவின் சட்டையில் நோட்டைக் குத்தி, அடி என்று கத்தியதை நீ பார்த்திருக்கிறாய். ஆனால் கவ்வாலியில் நோட்டைச் சொரிவதுதான் மரியாதை. பாய் உன்னிடம் வந்து, "எங்களுக்கும் கூடாதாம்மா? பேஜாரா இருக்கே" என்று பரிதாபமாகக் கேட்டார். "கூடாது பாய். வாயால சொல்லச் சொல்லுங்க, போதும்" என்றாய்.

வாயால் சொல்வது பாய்க்குக் கைவந்த கலை. அடுத்த மாதம் சேகர் அடிக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்து, ஒரு நல்ல இடத்தில் கையை உயர்த்தி "வாஹ்" என்றார். சேகர் திடுக்கிட்டுப் போய் ஒரு அடியை விட்டுவிட்டான். அதற்கு அடுத்த மாதம் கஸ்தூரி சொன்னாள். அப்புறம் லைனே சொன்னது. யூனிபார்ம் கோட்டும் தலைத்துணியுமாக நம் பெண்கள் பறைக்கு "வாஹ்" சொல்வதைப் பார்த்தவர்களுக்கு முதலில் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். நீ சிரிக்கவில்லை. பஸ்ஸில் போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். "எங்கப்பா காதுல வுழுந்திருக்கணும்மே" என்று மட்டும் சொன்னாய்.

சேகர் உனக்கு வாக்குக் கொடுத்ததும் அந்த வருடம்தான். இனிமேல் சாவுக்குப் பறையைத் தொடுவதில்லை என்றான். உறவில் எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டார்கள். அவன் மாறவில்லை.

பிறகு உனக்குச் சர்க்கரை ஏறி, கிட்னி கெட்டு, வாரத்தில் பாதி நாள் வேலூர் ஆஸ்பத்திரி என்று ஆயிற்று. நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால், உடம்பைப் பற்றிப் பேச விடமாட்டாய். "பம்பைக்காரங்களுக்கு போன் பண்ணிட்டியா? போன தடவ மைக்கு கொரகொரன்னு இருந்துச்சாமே?" என்பாய். சாவைப் பற்றி நீ பேசவே இல்லை. அதனால் ஆடியில் உன்னைக் கூடத்தில் படுக்க வைத்தபோது, உன் சாவுக்கு மேளம் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. முடிவு சேகர் தலையில் வந்து விழுந்தது.

உன் மாமாதான் ஆரம்பித்தார். "மேளம் எங்க? மேளம் இல்லாம எடுத்தா ஊர்ல இன்னா பேசுவாங்க?" சேகர் சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே ஆணியில் அவன் பறை தொங்கியது வாசலிலிருந்தே தெரிந்தது.

"சாவுக்குத் தொடமாட்டேன் மாமா. அக்காவுக்கு வாக்கு குடுத்துருக்கேன்."

"வாக்கு வாங்குனவளே படுத்துருக்கா. அவளுக்கே தொடமாட்டியா?"

சேகர் உன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "அவளுக்குத்தான் மாமா தொடமாட்டேன்" என்றான்.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? எனக்கு அது பொறுக்கவில்லை. ஊரெல்லாம் பறை கேட்க வைத்தவளைச் சத்தமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போவதா? இன்றைக்கு ஒருநாள் அடிடா என்று சொல்ல வாயெடுத்தேன். சேகரின் கையைப் பார்த்தேன். பெருவிரல் சுவரில் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அதை அவன் மறு கையால் பிடித்து அமுக்கினான். அவனுக்கு இருந்த ஆசையில் கால்வாசிகூட எனக்கு இருந்திருக்காது. வாயை மூடிக்கொண்டேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன தெருவில் காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பாய் தொப்பியோடு கடைசிவரை கூட நடந்து வந்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம் கச்சேரி இல்லை. அவங்களோட போச்சு என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. நிறுத்திவிட்டால், ஊர் ஞாபகத்தில் கடைசியாக நிற்பது ஒரு சாவுதான். நீ அதற்காகவா மைக்கைப் பிடித்தாய்? நேராகச் சேகர் வீட்டுக்குப் போனேன்.

"சனிக்கிழம வர்றியா?"

"அக்கா இல்லாம எப்டிக்கா? யாரு பேசுவாங்க?"

"நான் பேசுறேன்."

அவன் அத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தான். "நீ பேசுனா டார்கெட் கேக்குற மாதிரி இருக்கும்" என்றான். இருந்தால் இருக்கட்டும், டார்கெட் கேட்டுத்தான் நான் எல்லோரையும் வேலை வாங்கியிருக்கிறேன்.

போன சனிக்கிழமை மைதானத்துக்குப் போனால், மேடையில் உன் படம். கம்பெனி பர்சனல் ஆபீசர், நல்ல பையன், பெரிய பிளெக்ஸாகவே அடித்துக் கொண்டுவந்து, சாமந்தி மாலை போட்டு, கீழே விளக்கும் ஏற்றி வைத்திருந்தார். முதலில் ஒரு நிமிடம் மௌன அஞ்சலி, பிறகு நான் உன்னைப் பற்றிப் பேச வேண்டும், பிறகு பறை. படத்தில் நீ அழகாகத்தான் இருந்தாய். ஆனால் அதைத் தாண்டி அந்த மேடையைப் பார்த்தேன். மாலை போட்ட படம், விளக்கு, பக்கத்தில் பறையோடு நிற்கிற ஆட்கள். நீ இத்தனை வருடம் எதிலிருந்து அந்த மேளத்தை இழுத்து வெளியே கொண்டுவந்தாயோ, அதற்குள்ளேயே உன் படத்தை வைத்து அதைத் திருப்பித் தள்ளிவிட்டோம். அதுவும் அன்பினால்.

"சார், படத்த உள்ள வெச்சிருங்க" என்றேன்.

"ஏன் மேடம்? மரியாதைக்குத்தானே?"

"மாலை போட்ட படத்துக்கு முன்னாடி மேளம் அடிச்சா அது இன்னான்னு ஊருக்கே தெரியும் சார். அவங்க இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் மேடையவுட்டே எறக்கியிருப்பாங்க."

அவரே படத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனார். சேகர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். பறையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

நான் மைக்கைப் பிடித்தேன். அடிக்கிறவர்களின் பெயரை ஊரோடு சேர்த்துச் சொன்னேன். பஸ் கிளம்ப எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான். உன் பெயரைச் சொல்லவில்லை. கூட்டத்தில் கஸ்தூரி என்னை முறைத்தாள். நன்றி கெட்டவள் என்று நினைத்திருப்பாள், அப்புறம் விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம். நீ போன பிறகு அந்த மைதானத்தில் விழுந்த முதல் அடி அது. சேகர் இரண்டு மாதம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தான். பாய் "வாஹ்" என்றார். லைனும் சொன்னது. கடைத்தெருவில் ஒரு ஷட்டரும் இறங்கவில்லை, வியாபாரம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

முடிந்து எல்லோரும் பஸ்ஸை நோக்கி நகர்ந்தபோது ஒரு பெண் என் பக்கத்தில் வந்தாள். அந்த வாரம்தான் பேக்கிங்கில் சேர்ந்தவள், மாதனூர்ப் பக்கம், கையில் காலி டிபன் பாக்ஸ். "இன்னா விசேஷம்க்கா இன்னிக்கி?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. சம்பளம் போட்ட சனிக்கிழம. இங்க மாசா மாசம் இப்டித்தான்" என்றேன்.

"அந்தண்ணா செமயா அடிக்கிறாருல்ல?"

"எங்கிட்ட சொன்னா? அவராண்ட போயி சொல்லு."

அவள் கொஞ்சம் கூச்சப்பட்டாள். பிறகு டிபன் பாக்ஸை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நேராகச் சேகரிடம் போனாள். "அண்ணா, மேளம் ரொம்ப நல்லா இருந்துச்சிண்ணா" என்றாள். சேகர் தலையை மட்டும் ஆட்டினான். அவள் ஓடிப்போய் மாதனூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நீ செத்துப்போனது அவளுக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டேன்.